ஸ்பார்க் பிளக் மாற்றும் கால அளவு

ஸ்பார்க் பிளக் (தீப்பொறிச் செருகி) என்பது பெட்ரோல் அல்லது எரிவாயுவில் ஓடும் என்ஜினில், காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை மின்பொறியால் பற்றவைக்கும் சிறு கருவி ஆகும். பெரும்பாலான கார்களில் சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு பிளக் இருக்கும். டயர், பிரேக் பேட் போல இதுவும் ஓட ஓடத் தேயும் பொருள். குறிப்பிட்ட தூரம் ஓடியதும் இதை மாற்ற வேண்டும்.

அந்தத் தூரம் எவ்வளவு என்ற கேள்விக்கு 10,000 கி.மீ. என்பதில் தொடங்கி 1,60,000 கி.மீ. வரை பல விடைகள் புழக்கத்தில் உள்ளன. கேட்பவருக்கு இது குழப்பமாக இருந்தாலும், இந்த விடைகளில் பெரும்பாலானவை தவறல்ல. அவை வெவ்வேறு உலோகத்தால் ஆன பிளக்குகளைப் பற்றியவை. காரின் விலையோ வயதோ இந்தக் கணக்கில் முதலிடம் பெறுவதில்லை. பிளக்கின் முனை எந்த உலோகம், அந்த முனையில் இதுவரை எத்தனை பொறிகள் பாய்ந்துள்ளன என்ற இரண்டுமே ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

பிளக் தேயும் விதம்

பிளக்கின் நடுவே பீங்கானுக்குள் ஒரு கம்பி ஓடுகிறது. அதன் நுனி நடு மின்முனை எனப்படும். மரை வெட்டிய இரும்பு உடலிலிருந்து வளைந்து வந்து அதற்கு எதிரே நிற்பது பக்க மின்முனை. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 0.7 முதல் 1.1 மி.மீ. வரை இடைவெளி விடப்பட்டிருக்கும். இக்னிஷன் காயில் பல்லாயிரம் வோல்ட் அழுத்தத்தை அனுப்பும்போது, மின்சாரம் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறது. அதுவே பொறி.

ஒவ்வொரு பொறியும் முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரித்துக்கொண்டு போகிறது. எரியும் வாயுவின் வெப்பமும் ஆக்சிசனும் சேர்ந்து முனையை மேலும் அரிக்கின்றன. புதிய பிளக்கில் முனையின் விளிம்பு கூராக இருக்கும். மின்பொறி கூரான இடத்திலிருந்துதான் எளிதில் பாயும். நாள்பட விளிம்பு உருண்டு மழுங்குகிறது, இடைவெளியும் அகல்கிறது. சாதாரண நிக்கல் பிளக்கில் இந்த அகலம் தோராயமாக 1,000 கி.மீ.க்கு 0.01 மி.மீ. என்ற அளவில் கூடும். 0.8 மி.மீ. இடைவெளியுடன் பொருத்திய பிளக் 30,000 கி.மீ. ஓடியபின் 1.1 மி.மீ.யை எட்டியிருக்கும். அகன்ற இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட் தேவை. காயிலால் அதைத் தர முடியாத நேரத்தில் பொறி பாய்வதில்லை; அந்த ஒரு முறை எரிபொருள் எரியாமல் வெளியேறுகிறது. பட்டறை வழக்கில் இதை "மிஸ்ஸிங்" என்பர்.

எத்தனை பொறிகள் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு வீச்சு என்ஜினில், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி பாய்கிறது. நெடுஞ்சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில், நிமிடத்துக்கு 2,000 சுற்று என்ற கணக்கில் ஒரு கார் போவதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு ஒரு கி.மீ. தூரம், அந்த ஒரு நிமிடத்தில் ஒரு பிளக்கில் 1,000 பொறிகள். 40,000 கி.மீ. ஓடினால் நான்கு கோடிப் பொறிகள்.

அதே கார் நகர நெரிசலில் சராசரியாக மணிக்கு 20 கி.மீ. மட்டுமே போகிறது, என்ஜின் சராசரியாக 1,500 சுற்றில் ஓடுகிறது என்றால், ஒரு கி.மீ. கடக்க மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் 2,250 பொறிகள். நகரத்தில் ஓடும் ஒரு கி.மீ., நெடுஞ்சாலையின் இரண்டேகால் கி.மீ.க்குச் சமம் என்று இதற்குப் பொருள். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, 800 சுற்றில் என்ஜினை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் நிழலில் நிற்கும் காரில் 24,000 பொறிகள் பாய்ந்து முடிகின்றன. கிலோமீட்டர் காட்டும் கருவியில் ஓர் எண்கூட நகர்ந்திருக்காது.

உலோகத்துக்கு ஏற்ற ஆயுள்

கடைகளில் "காப்பர் பிளக்" என்று விற்கப்படுவது பெயரளவில்தான் செம்பு. செம்பு உள்ளே வெப்பத்தைக் கடத்தும் தண்டாக மட்டும் இருக்கிறது. பொறி பாயும் முனை நிக்கல் கலப்பு உலோகம். விலை கூடிய பிளாட்டினம், இரிடியம் பிளக்குகளிலும் இதே போன்ற செம்புத் தண்டு உள்ளது. எனவே இந்தக் கட்டுரையில் இது நிக்கல் பிளக் என்றே குறிப்பிடப்படுகிறது.

நிக்கல் 1,455 பாகை செல்சியசில் உருகும். பிளாட்டினம் 1,768 பாகையில் உருகும். இரிடியம் உருக ஏறத்தாழ 2,450 பாகை வேண்டும். பிளாட்டினத்தைவிடக் கடினமான உலோகமும் அதுதான். 1803 இல் ஆங்கில வேதியியலாளர் சுமித்சன் தென்னன்ட் இதைக் கண்டறிந்து, இதன் உப்புகள் பல நிறம் காட்டுவதால் கிரேக்க வானவில் தெய்வமான ஐரிசின் பெயரை இட்டார். பெயரில் வண்ணம் இருந்தாலும் பிளக்கில் இது பயன்படுவது கடினத்துக்காகத்தான். நிக்கல் பிளக்கின் நடு முனை ஏறத்தாழ 2.5 மி.மீ. பருமன் கொண்டது. இரிடியம் எளிதில் தேயாது என்பதால் முனையை 0.4 முதல் 0.7 மி.மீ. வரை மெல்லியதாக வைக்க முடிகிறது. மெல்லிய முனையிலிருந்து குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும். காயிலுக்கும் சுமை குறைவு.

இந்தியக் கார்களின் கையேடுகளில் நிக்கல் பிளக்குக்குப் பொதுவாக 30,000 முதல் 40,000 கி.மீ. வரை தரப்பட்டிருக்கும். இரிடியம் பிளக் பொருத்தி வரும் கார்களுக்கு 80,000 கி.மீ.யில் தொடங்கி 1,60,000 கி.மீ. வரை காணப்படுகிறது. பிளாட்டினம் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும். அமெரிக்காவில் விற்கப்படும் பல டொயோட்டா கார்களுக்கு 1,20,000 மைல், அதாவது ஏறத்தாழ 1,93,000 கி.மீ. வரை பிளக்கைத் தொட வேண்டியதில்லை.

"இரிடியம்" என்று பெட்டியில் எழுதியிருந்தாலே நீண்ட ஆயுள் என்று கொள்வது பலர் செய்யும் தவறு. பொறி இரண்டு முனைகளுக்கு நடுவே பாய்கிறது. தேய்வதும் இரண்டு முனைகளும்தான். கார் நிறுவனங்கள் பொருத்தி அனுப்பும் நீண்ட ஆயுள் பிளக்குகளில் நடு முனை இரிடியமாகவும், பக்க முனையில் ஒரு பிளாட்டினத் துண்டு ஒட்டப்பட்டதாகவும் இருக்கும். உதிரிபாகக் கடைகளில் விலை சற்றுக் குறைவாகக் கிடைக்கும் பல இரிடியம் பிளக்குகளில் நடு முனை மட்டுமே இரிடியம். பக்க முனை வழக்கமான நிக்கல். அவை பொறியை நன்றாகத் தரும், ஆனால் முதல் வகையின் ஆயுளில் பாதியை எட்டுவதே அரிது. இந்த வகையை வாங்கிப் பொருத்திவிட்டு, கையேட்டில் உள்ள 1,00,000 கி.மீ. கணக்கை நம்பிக் காத்திருந்தால் இடையிலேயே மிஸ்ஸிங் வந்துவிடும்.

சில பழைய கார்களில் ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்கு ஒரே நேரத்தில் பொறி தரும் ஏற்பாடு உண்டு. அதில் ஒரு பிளக்கில் பொறி நடு முனையிலிருந்து பக்க முனைக்கும், இணையான மற்றொன்றில் பக்க முனையிலிருந்து நடு முனைக்கும் பாயும். கழிவு வெளியேறும் வீச்சிலும் ஒரு பொறி வீணாகப் பாய்வதால் பொறிக் கணக்கும் இரட்டிப்பாகிறது. இவ்வகைக் கார்களுக்கு இரு முனையிலும் உயர் உலோகம் கொண்ட பிளக்கே பொருந்தும்.

சிறிய என்ஜின்களின் கணக்கு

ஜப்பானின் நகோயாவில் 1936 இல் தொடங்கப்பட்ட என்ஜிகே பிளக் நிறுவனம், தன் நாட்டு வாடிக்கையாளர்களுக்குத் தரும் அறிவுரை கவனிக்கத்தக்கது. சாதாரண நிக்கல் பிளக்கை வழக்கமான காரில் 15,000 முதல் 20,000 கி.மீ.க்குள் மாற்றவும், 660 சிசி கொண்ட "கேய்" எனப்படும் குட்டிக் காரில் 7,000 முதல் 10,000 கி.மீ.க்குள் மாற்றவும் அது கூறுகிறது. இரு முனையும் உயர் உலோகமாக உள்ள பிளக்குக்கு வழக்கமான காரில் 1,00,000 கி.மீ., குட்டிக் காரில் அதில் பாதி. பிளக் ஒன்றே, கார் சிறியதானால் ஆயுள் பாதியாகிறது. சிறிய என்ஜின் அதே வேகத்தைப் பெற அதிகச் சுற்றுகள் சுழல வேண்டும் என்பதே காரணம். மோட்டார் சைக்கிள் என்ஜின் இன்னும் வேகமாகச் சுழல்வதால் அதன் பிளக் இன்னும் சீக்கிரம் தேய்கிறது.

பிளக் செய்யும் நிறுவனம் 20,000 என்கிறது, கார் நிறுவனம் 40,000 என்கிறது. இரண்டில் எது சரி என்ற கேள்வி எழுவது இயல்பு. முதலாவது, பிளக் புதிதைப் போல் வேலை செய்யும் எல்லை. விற்பவரின் ஆர்வமும் அதில் சிறிது கலந்திருக்கலாம். இரண்டாவது, என்ஜினுக்குத் தீங்கு இல்லாமல் ஓட்டக்கூடிய எல்லை. பராமரிப்புச் செலவு குறைவு என்று சொல்லிக்கொள்ளும் ஆர்வம் கார் நிறுவனத்துக்கும் உண்டு. ஆனாலும் அந்தக் குறிப்பிட்ட என்ஜினின் வெப்பம், அழுத்தம், காயிலின் வலிமை ஆகியவற்றை அறிந்து எழுதப்பட்டது காரின் கையேடு என்பதால் அதையே அடிப்படையாகக் கொள்வது பொருத்தம். பெரும்பாலும் நகர நெரிசலில் ஓடும் காருக்கு அதில் கால் பங்கைக் குறைத்துக்கொள்ளலாம்.

பழைய கார்கள் விட்டுச்சென்ற பழக்கம்

10,000 கி.மீ.க்கு ஒரு முறை பிளக் மாற்ற வேண்டும் என்ற வழக்கு பழைய கார்களின் காலத்தில் பிறந்தது. அம்பாசடர், பிரீமியர் பத்மினி ஆகியவற்றில் கார்புரேட்டர், பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவை இருந்தன. கார்புரேட்டர் அளவாகப் பெட்ரோல் விடுவதில்லை. காலையில் சோக்கை இழுத்து ஓட்டினால் பிளக்கில் கரி படியும். பாயிண்ட் தேயத் தேயப் பொறியின் வலு குறையும். பெட்ரோலில் ஈயமும் கலந்திருந்தது. எரிந்த ஈயத்தின் படிவு பீங்கானின் மேல் படர்ந்து, பொறி பாய வேண்டிய மின்சாரம் பீங்கான் வழியே கசிந்துவிடும். அக்காலப் பிரிட்டிஷ் கார்களின் கையேடுகளில் 12,000 மைலுக்கு ஒரு முறை புதிய பிளக், நடுவில் ஒரு முறை சுத்தம் என்பது வழக்கமான கணக்கு.

1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இல் மூன்றே பிளக்குகள், கழற்றுவதும் எளிது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்றையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்து மாட்டுவது பல வீடுகளில் ஒரு சடங்காகவே இருந்தது. அந்தக் காருக்கு அது ஏற்ற வேலைதான். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000 பிப்ரவரி 1 முதல் நிறுத்தப்பட்டது. அதே காலத்தில் கார்புரேட்டர் போய், கணினி அளந்து விடும் எரிபொருள் ஊசிகள் வந்தன. பாயிண்டும் டிஸ்ட்ரிபியூட்டரும் போய், ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்தது. கரியும் ஈயமும் நீங்கியபின் பிளக்கின் ஆயுளை முடிப்பது முனையின் தேய்மானம் ஒன்றே.

பழக்கம் மட்டும் மாறவில்லை. இன்றும் சில பட்டறைகளில் ஒவ்வொரு சர்வீசிலும் பிளக்கைக் கழற்றி, கம்பி பிரஷால் தேய்த்து மாட்டுகிறார்கள். நிக்கல் பிளக்குக்கு இதனால் பெரிய கேடு இல்லை. இரிடியம் பிளக்கில் அந்த 0.4 மி.மீ. முனை கம்பி பிரஷ் பட்டால் ஒடிந்துவிடும் அல்லது வளைந்துவிடும். 80,000 கி.மீ. உழைக்க வேண்டிய பிளக் அன்றே கெட்டுப்போகிறது. சுத்தம் செய்த கூலி தனி. இடைவெளியை அளக்கும் தகட்டை நுழைத்து நெம்பினாலும் இதே சேதம் நேரும். இவ்வகைப் பிளக்குகளின் இடைவெளி தொழிற்சாலையிலேயே பெரும்பாலும் அமைக்கப்பட்டு வருகிறது. கையேட்டில் சொன்ன தூரம் வரும்வரை அவற்றைக் கழற்றாமல் விடுவதே அவற்றுக்குச் செய்யும் பராமரிப்பு.

ஆயுளைக் குறைப்பவை

சிறிய தூரப் பயணம் முதல் காரணம். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 முதல் 500 பாகை வரை சூடானால்தான் அதில் படியும் கரி தானே எரிந்து போகும். பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டும் இரண்டு கி.மீ. ஓடி நிற்கும் காரில் அந்தச் சூடு வருவதற்குள் பயணம் முடிந்துவிடுகிறது. இத்தகைய காரை மாதத்தில் சில முறை அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டினால் கரி நீங்கும். ஆண்டுக்கு 3,000 கி.மீ. மட்டுமே ஓடும் காருக்குத் தூரக் கணக்கு உதவாது. பல கையேடுகளில் தூரத்துடன் ஆண்டுக் கணக்கும் தரப்பட்டு, இரண்டில் எது முந்துகிறதோ அதன்படி மாற்றச் சொல்லியிருக்கும்.

சிஎன்ஜி அல்லது எல்பிஜியில் ஓடும் காரில், வாயுக் கலவை வழியாகப் பொறி பாய அதிக வோல்ட் தேவை. பிளக்கின் வெப்பமும் கூடும். பெட்ரோலுக்குச் சொன்ன தூரத்தைவிட முன்னதாகவே மாற்ற வேண்டியிருக்கும். பெட்ரோல் காரில் பின்னர் எரிவாயு உருளை பொருத்தியவர்கள் இதைக் கவனிப்பதில்லை. பெட்ரோலில் நன்றாக ஓடும் கார் வாயுவுக்கு மாற்றியதும் இழுத்து இழுத்து ஓடுகிறது என்று வாயுக் கருவியைக் குறை சொல்வார்கள். பல வேளைகளில் குற்றவாளி தேய்ந்த பிளக்தான்.

டர்போ என்ஜினில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். அதனால் இடைவெளி குறைவாக வைக்கப்படுகிறது, மாற்றும் தூரமும் சாதாரண என்ஜினைவிடக் குறைவு. ஒரே நிறுவனத்தின் ஒரே காரில் டர்போ உள்ளதற்கும் இல்லாததற்கும் வெவ்வேறு கணக்கு இருக்கலாம் என்பதால், பக்கத்து வீட்டுக் காரை வைத்து முடிவு செய்ய இயலாது.

வெப்ப எண் தவறிய பிளக்கும் சீக்கிரம் கெடும். பிளக் தன் வெப்பத்தை எவ்வளவு வேகமாக என்ஜினின் ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதை இந்த எண் காட்டுகிறது. வெப்பம் தங்கினால் முனை பழுத்து, பொறி வரும் முன்பே கலவையைப் பற்றவைக்கும். இது பிஸ்டனையே ஓட்டையாக்கக்கூடும். வெப்பம் அதிகம் வெளியேறினால் கரி படியும். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்த வகை. பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் கூடினால் சூடான வகை. ஒரு நிறுவனத்தின் 6 ஆம் எண்ணுக்குப் பதில் மற்றொரு நிறுவனத்தின் 6 ஆம் எண் வேண்டும் என்று கடையில் கேட்பது ஆபத்தானது. இணை எண் பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும். குறியீட்டில் "ஆர்" என்ற எழுத்து இருந்தால் உள்ளே ஏறத்தாழ 5,000 ஓம் மின்தடை உள்ளது என்று பொருள். கணினியால் இயங்கும் என்ஜின்களுக்கு அது இல்லாத பிளக்கைப் போடக்கூடாது; பொறியின் மின்னிரைச்சல் உணரிகளைக் குழப்பும்.

காலம் கடந்ததைக் காட்டும் அறிகுறிகள்

முதல் அறிகுறி சமதரையில் தெரிவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவது போன்ற ஏற்றத்தில், குறைந்த சுற்றில் ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். பொறி பாய மிக அதிக வோல்ட் தேவைப்படுவது அப்போதுதான். அந்த இடத்தில் கார் ஒரு கணம் விக்கி நின்று பிறகு இழுக்கும். அடுத்ததாகக் காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், சிக்னலில் நிற்கும்போது நடுக்கம், பெட்ரோல் செலவு கூடுதல் ஆகியவை தோன்றும். இவை எல்லாம் வேறு பழுதுகளாலும் வரலாம். சேதம் மெல்ல மெல்லக் கூடுவதால் தினமும் ஓட்டுபவருக்கு இது தெரியாமலே பழகிப்போகும். நெடுநாள் கழித்து அதே காரை ஓட்டும் மகனோ மகளோதான் முதலில் சொல்வார்கள்.

புதிய கார்களில் மிஸ்ஸிங் ஏற்பட்டால் என்ஜின் விளக்கு எரியும். பட்டறையில் கருவியை இணைத்தால் பி0301, பி0302 என்பன போன்ற குறியீடுகள் வரும். கடைசி எண் எந்தச் சிலிண்டர் என்பதைக் காட்டும். விளக்கு நிலையாக எரிந்தால் அன்றோ மறுநாளோ காட்டலாம். விட்டு விட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, கூடிய விரைவில் ஓரமாக நிறுத்த வேண்டும்.

அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே போய், வினையூக்கி மாற்றியில் (கேட்டலிட்டிக் கன்வர்ட்டர்) எரியத் தொடங்குகிறது. அதன் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் அடுக்கில் பிளாட்டினம் முதலிய உலோகங்கள் பூசப்பட்டிருக்கும். வெப்பம் அளவு மீறினால் அந்த அடுக்கு உருகி அடைத்துக்கொள்ளும். நான்கு நிக்கல் பிளக்குகளின் விலை பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். கன்வர்ட்டர் மாற்றுவது பல பத்தாயிரங்களில் முடியும். எரியாத பெட்ரோலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, என்ஜின் ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது. காயிலும் தப்புவதில்லை. அகன்ற இடைவெளியைத் தாண்ட முடியாத மின்சாரம் காயிலின் உறையைத் துளைத்து வேறு வழி தேடும். காயில் எரிந்த காருக்குப் புதிய காயிலைப் போட்டுவிட்டு, அதை எரித்த பழைய பிளக்கையே திரும்ப மாட்டினால் சில மாதங்களில் அதே செலவு மீண்டும் வரும்.

மிக நீண்ட காலம் கழற்றாமல் விட்ட பிளக் ஹெட்டிலேயே பிடித்துக்கொள்வதும் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனத்தின் 5.4 லிட்டர், மூன்று வால்வு வி8 என்ஜின்களில் 2004 முதல் 2008 வரை இருந்த நீண்ட பிளக்குகள் இதற்குப் பேர்போனவை. நுனியைச் சுற்றிக் கரி இறுகியதால், கழற்றும்போது பிளக் இரண்டாக உடைந்து கீழ்ப்பாதி உள்ளேயே நின்றுவிடும். உடைந்த துண்டை எடுக்கும் முறையை அந்த நிறுவனமே பட்டறைகளுக்குத் தனிக் குறிப்பாக அனுப்ப வேண்டியதாயிற்று.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இன்றைய கார்களில் ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூட்டில் கழற்றினால் பிளக்கோடு மரையும் சேர்ந்து வந்துவிடும். காயிலை எடுத்ததும் குழிக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து நீக்கிய பிறகே பிளக் ஸ்பேனரை இறக்க வேண்டும். இல்லையெனில் மணல் சிலிண்டருக்குள் விழும். புதிய பிளக்கை முதலில் கையால்தான் திருக வேண்டும். தொடக்கத்திலேயே ஸ்பேனரின் பலத்தைக் காட்டினால் மரை குறுக்காக ஏறும். அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரை கொண்ட பிளக்கை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கலாம், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20 வரை போதும். டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில், வாஷருடன் வரும் புதிய 14 மி.மீ. பிளக்கை, கையால் இறுக்கியபின் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகத் திருப்புவது வழக்கம். வாஷர் இல்லாத கூம்பு வகைக்குப் பதினாறில் ஒரு பங்கு சுற்றே போதும். மரையில் கிரீஸ் போன்ற பசை தடவும் பழக்கத்தை என்ஜிகே போன்ற நிறுவனங்கள் ஏற்பதில்லை. வழுக்கலால் தேவைக்கு மேல் இறுகி மரை அறுந்துவிடும். கைதவறிக் கீழே விழுந்த பிளக்கைப் பொருத்தக் கூடாது. பீங்கானில் விழுந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது.

எல்லாப் பிளக்குகளையும் ஒன்றாக மாற்றுவதே முறை. எத்தனை என்பது காருக்குக் கார் மாறும். 2003 இல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டியின் நான்கு சிலிண்டர் என்ஜினில் சிலிண்டருக்கு இரண்டாக எட்டுப் பிளக்குகள் இருந்தன. முன்வரிசை நான்கை மட்டும் மாற்றிவிட்டு எட்டுக்கும் பணம் வாங்கியதாகப் புகார் எழ இடமளித்த கார் அது. கழற்றிய பழைய பிளக்குகளைக் கேட்டு வாங்கி எண்ணிப் பார்ப்பதில் தவறு இல்லை.

பழைய பிளக்குகளை எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தன என்ற வரிசையில் வைத்துப் பார்த்தால் என்ஜினின் நலமும் தெரியும். பீங்கான் நுனி வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பசையுடன் கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கலாம். பிளக்கை மாற்றுவதால் அந்த நோய் தீராது. சுண்ணாம்பு போல் வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அதிக வெப்பம். பிளக்கின் வெளிப்புறத்தில், பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில் தோன்றும் பழுப்பு வளையத்தைப் பார்த்து வாயு கசிகிறது என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. உயர் மின்னழுத்தத்தால் எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டு ஏற்படும் கறை அது, கேடு இல்லை.

பழைய கார் வாங்கியவர்கள்

முன்னாள் உரிமையாளர் எப்போது பிளக் மாற்றினார் என்பது வாங்கியவருக்குத் தெரியாது. இலங்கையில் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் பயன்படுத்தப்பட்ட பின் இறக்குமதியானவை. கையேடு ஜப்பானிய மொழியில் இருக்கும், அவற்றில் பல 660 சிசி குட்டிக் கார்கள். இத்தகைய நிலையில் கார் கைக்கு வந்ததும் ஒரு பிளக்கைக் கழற்றி, அதன் மேல் உள்ள குறியீட்டைக் கொண்டு உலோக வகையை அறிந்துகொள்வது முதல் வேலை. சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் ஒரு முறை புதிதாக மாற்றிவிட்டு, அன்றைய கி.மீ. எண்ணையும் பிளக்கின் குறியீட்டையும் ஒரு சிறு தாளில் எழுதி பானட்டின் உட்புறம் ஒட்டிவைப்பது பல மெக்கானிக்குகளின் வழக்கம். அடுத்த மாற்றத்தின் கணக்கு அந்த எண்ணிலிருந்து தொடங்கும்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. டீசல் என்ஜினில் காற்றை அழுத்துவதால் வரும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது. அதில் ஸ்பார்க் பிளக் இல்லை. குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆக உதவும் "ஹீட்டர் பிளக்" அதில் உண்டு. அதற்குப் பெரும்பாலும் தூரக் கணக்கு தரப்படுவதில்லை; கெட்டபின் மாற்றினால் போதும்.